வளாக வாயிலோடு முடிந்துவிடும் திட்டங்கள்

செப்டம்பர் 30க்குள் முதலாண்டுச் சேர்க்கையை முடித்து, அக்டோபர் 1க்குள் வகுப்புகளைத் தொடங்கிவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலை 16 அன்று நாட்காட்டி வெளியிட்டது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 அன்றே கல்லூரிகள் திறந்துவிட்டன. ஆந்திரத்தில் ஆகஸ்ட் 16 முதல் பள்ளிகள் இயங்கின. கல்லூரிகள் புதிய கல்வியாண்டுக்குத் தயாராகின. இறுதியாண்டு வகுப்புகளை அக்டோபர் 4 முதல் தொடங்கப்போவதாகக் கேரளம் அறிவித்தது.

வளாகங்கள் திறக்கப்பட வேண்டும் என்பதில் இடதுசாரி மாணவர் இயக்கத்துக்கு இரண்டாவது கருத்து இல்லை. பதினெட்டு மாதப் பூட்டு யாரைக் கல்வியிலிருந்து வெளியே தள்ளியது என்பதை உழைக்கும் மக்களிடையே பணிபுரியும் எந்தத் தோழருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் திட்டத்தோடு திறப்பது, அத்திட்டம் யாரைக் கேட்டு வகுக்கப்பட்டது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பவைதான் கேள்விகள். 2020 நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்த முதல் திறப்பை இந்த மூன்று கேள்விகளோடு திரும்பிப் பார்க்காமல் இரண்டாவது திறப்புக்குள் நுழைவது, தேர்வில் தோற்ற மாணவன் அதே விடைத்தாளை மீண்டும் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பம் மண்டலத்திலிருந்து இந்த விவகாரத்தைப் பார்ப்பது பயனுடையது. தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். பழந்தமிழிலும் மூங்கிலுக்கு வெதிர் என்று பெயர் உண்டு. மாநில எல்லை பின்னால் வந்தது, ஊர்ப்பெயர் அதற்கு முந்தியது. மாந்தோப்பும் கரும்பும் கறவை மாடும் கூலி வேலையுமே இங்கு வாழ்வாதாரம். இப்பகுதிப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குத் திருப்பதி, சித்தூர், புத்தூர் என்று பல்லெவெலுகு பேருந்தேறிச் செல்கிறார்கள். தமிழ் பேசும் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் எல்லை தாண்டி வேலூருக்கும் திருத்தணிக்கும் சென்னைக்கும் செல்கிறார்கள். திருப்பதியில் 1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் உருவான பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகளும் இத்தகைய கிராமங்களை நம்பி இயங்குபவை. விடுதியிலோ பேருந்திலோ வாடகை அறையிலோ இந்தப் பிள்ளைகள் நிரம்பியிருந்தால்தான் அந்த வளாகங்களுக்கு உயிர். எனவே ஒரு கல்லூரியின் திறப்புத் திட்டம் சரியானதா என்பதை அதன் வாயிலில் நின்று சோதிப்பதைவிட வெதுருகுப்பம் பேருந்து நிறுத்தத்தில் நின்று சோதிப்பதே பொருத்தம்.

தேர்வுக்குக் கட்டளை, உயிருக்கு ஆலோசனை

2020 ஜூலை 6 அன்று மானியக் குழு, இறுதியாண்டு மாணவர்களுக்குச் செப்டம்பர் இறுதிக்குள் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. நோய்த்தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. பல மாநிலங்கள் எதிர்த்தன. மாணவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். தனது வழிகாட்டுதல் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் என்று குழு வாதாடியது. தேர்வைத் தள்ளிவைக்க மாநிலங்கள் அனுமதி கோரலாம், ஆனால் தேர்வே இல்லாமல் பட்டம் வழங்க இயலாது என்று ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது.

அதே குழு நவம்பர் 5 அன்று வளாகங்களைத் திறப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரே நேரத்தில் 50 சதவீத மாணவர்களுக்கு மேல் கூடாது. ஆய்வு மாணவர்களும் அறிவியல் முதுநிலை மாணவர்களும் இறுதியாண்டினரும் முதலில் வரலாம். ஆறடி இடைவெளி, முகக்கவசம், வெப்பநிலைச் சோதனை. விடுதிகளைத் தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் திறக்கலாம், ஓர் அறையில் ஒருவருக்கு மேல் தங்கக் கூடாது. வெளியூரிலிருந்து விடுதிக்கு வருவோர் 14 நாள் தனிமையில் இருந்த பிறகே வகுப்புக்குச் செல்ல வேண்டும். படிக்கும்போது குறை சொல்ல முடியாத பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பணம் வேண்டும், இடம் வேண்டும், ஆள் வேண்டும். அவை எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த ஆவணத்தில் விடை இல்லை. உள்ளூர் நிலைமைக்கேற்ப நிறுவனங்களே தங்கள் திட்டத்தை வகுத்துக்கொள்ளலாம் என்று பொறுப்பு கீழே இறக்கி வைக்கப்பட்டது. தேர்வு என்றால் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உண்டு. மாணவர் உயிர் என்றால் குழு ஆலோசகராகிவிடுகிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஆந்திர அரசு நவம்பர் 2 அன்றே பள்ளிகளின் மேல்வகுப்புகளையும் கல்லூரிகளையும் திறந்துவிட்டது. வழிகாட்டுதல் மூன்று நாள் கழித்து வந்தது. அந்த மூன்று நாட்களுக்குள் மாநிலப் பள்ளிகளில் 262 மாணவர்களுக்கும் ஏறத்தாழ 160 ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியானதாகக் கல்வித் துறையே தெரிவித்தது. வந்த மாணவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். விகிதக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் சோதனை செய்ததால்தான் அந்த எண்கள் தெரியவந்தன என்பதே அங்கு கவனிக்க வேண்டியது. அறிகுறியற்ற தொற்றை நெற்றியில் காட்டும் வெப்பமானி கண்டுபிடிக்காது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களுக்கு வாரம் இருமுறை பரிசோதனை என்ற ஏற்பாட்டோடு திறந்து தொற்றைக் கட்டுக்குள் வைத்தது. அத்தகைய பரிசோதனை ஏற்பாடு இன்றி 2020 ஆகஸ்ட் 10 அன்று வகுப்புகளைத் தொடங்கிய வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகம், ஒரே வாரத்தில் 130 மாணவர்களுக்குத் தொற்று ஏற்பட்ட நிலையில் இணைய வழிக்குத் திரும்பியது. கார்னெல் பணக்காரப் பல்கலைக்கழகம், அதனோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஆந்திர அரசு 2020ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்து அதைப் பெருமையாக அறிவித்துக்கொண்ட அரசு. கிராமந்தோறும் சச்சிவாலயம், அதில் ஒரு செவிலியர், ஐம்பது வீட்டுக்கு ஒரு தன்னார்வலர் என்ற வலைப்பின்னல் அப்போது அதன் கையில் இருந்தது. திங்கட்கிழமை பேருந்தேறப்போகும் மாணவிக்கு ஞாயிற்றுக்கிழமை அவளது ஊரிலேயே சோதனை செய்து முடிவைச் சொல்ல அந்த வலைப்பின்னலால் முடிந்திருக்காதா? கல்லூரியின் திட்டமும் சுகாதாரத் துறையின் திட்டமும் ஒரே மேசையில் வைத்து எழுதப்பட்டிருந்தால் முடிந்திருக்கும்.

ஓர் அறையில் ஒருவர்

விடுதிப் பிரச்சினையே இந்த விவகாரத்தின் இதயம். ஓர் அறையில் ஒருவர் என்ற விதியை எழுதியவர்களின் மனதில் எந்த விடுதி இருந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் அறை என்பதே பல இடங்களில் கூடம்தான். டிரங்குப் பெட்டிகளை வரிசையாக வைத்து, பாய் விரித்து, பத்துப் பேர் இருபது பேர் படுக்கும் கூடம். பல்கலைக்கழக விடுதிகளிலும் ஓர் அறைக்கு மூவர் நால்வர் என்பதே நடைமுறை. ஐம்பது அறைகளில் இருநூறு பேர் தங்கும் விடுதி ஒன்று விதிப்படி திறந்தால் ஐம்பது பேருக்கு இடம் கிடைக்கும். மீதி நூற்றைம்பது பேர் எங்கே போவார்கள்? வகுப்பு நடக்கிறது, வருகைப் பதிவு இருக்கிறது, செய்முறைத் தேர்வு வரப்போகிறது. அவர்கள் நகரத்தில் அறை எடுக்கிறார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர், ஆறு பேர். கல்லூரியின் அறிக்கையில் விடுதி விதி முழுமையாகப் பின்பற்றப்பட்டிருக்கும். நோய்க்கிருமிக்கோ அந்த ஐந்து பேரும் ஒரே அறையில்தான் கிடைப்பார்கள். விதி நெரிசலை வளாகத்துக்கு வெளியே நகர்த்தியதே தவிரக் குறைக்கவில்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினம். விடுதி இல்லையென்றால் வாடகை அறைக்கு அனுப்பச் சம்மதிக்காத பெற்றோர் கிராமத்தில் அதிகம். விடுதிக் கதவு மூடியிருப்பது பல வீடுகளில் மகளின் படிப்பு மூடப்படுவதாகிவிடுகிறது. அதன்பின் திருமணப் பேச்சு எழ அதிக நாள் ஆவதில்லை.

இதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று மாநில அரசு சொல்லும். 2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஜகனண்ணா வசதி தீவெனா திட்டத்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.20,000 உணவுக்கும் தங்குமிடத்துக்கும் இரு தவணைகளில் வழங்கப்பட்டது. நல்ல திட்டம், அதைப் பெற்றுப் படித்தோர் பலர். ஆனால் அது மாதத்துக்கு ரூ.1,700க்கும் குறைவு. நால்வர் பகிர்ந்துகொண்ட அறைக்கு நிர்ணயித்த தொகை, ஓர் அறைக்கு ஒருவர் என்று விதி மாறியபோது மாறவில்லை. 14 நாள் தனிமைக் காலத்தில் உணவு யார் கொடுப்பது என்பதற்கும் விடை இல்லை. விதியை எழுதுகிறவர் ஒருவர், பணத்தை ஒதுக்குகிறவர் வேறொருவர், இருவருக்கும் இடையில் டிரங்குப் பெட்டியோடு நிற்பவர் மாணவர்.

இடமே இல்லையா? திருப்பதியைப்போல் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேரைத் தங்கவைக்கும் வசதி படைத்த நகரங்கள் நாட்டில் அதிகமில்லை. பெருந்தொற்றின் உச்சத்தில் ஸ்ரீநிவாசம், விஷ்ணு நிவாசம் போன்ற யாத்ரீகர் தங்கும் வளாகங்கள் கோவிட் பராமரிப்பு மையங்களாக மாற்றப்பட்டன. அது சரியான முடிவு. பக்தர் கூட்டம் குறைந்திருந்த மாதங்களில் அத்தகைய கட்டிடங்களில் ஒரு பகுதியை மாணவர் தங்குமிடமாக்கி, அரசு வாடகையை ஏற்றிருந்தால் அந்த நூற்றைம்பது பேர் பிரச்சினைக்குப் பெருமளவு தீர்வு கிடைத்திருக்கும். மண்டபம், திருமண மாளிகை, காலியாகக் கிடந்த தனியார் விடுதிகள் என்று வழிகள் இருந்தன. திட்டமிடல் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

உணவுக்கூடத்தில் பணியாற்றுவோர்

தமிழ்நாட்டின் முதல் திறப்பு இன்னொரு பாடம். நவம்பர் 16 அன்று திறப்பதாக அறிவித்து, பிறகு அதைத் திரும்பப் பெற்று, டிசம்பர் 2 முதல் ஆய்வு மாணவர்களுக்கும் முதுநிலை இறுதியாண்டு அறிவியல் மாணவர்களுக்கும், டிசம்பர் 7 முதல் இளநிலை இறுதியாண்டினருக்கும் என்று அன்றைய அதிமுக அரசு படிப்படியாகத் திறந்தது. ஒரு வாரம்தான். டிசம்பர் 14 அன்று சென்னை ஐஐடி வளாகம் மூடப்பட்டது. 66 மாணவர்கள், உணவுக்கூட ஊழியர் நால்வர், திட்டப் பணியாளர் ஒருவர் என 71 பேருக்குத் தொற்று. அடுத்த சில நாட்களில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. முழு எண்ணிக்கையில் மாணவர்கள் வராத வளாகம் அது; விசாலமான காட்டுக்கு நடுவில் அமைந்தது; நாட்டின் தலைசிறந்த பொறியாளர்களைக் கொண்டது. ஆனால் ஒரே ஓர் உணவுக்கூடம்தான் இயங்கியது என்றும், எல்லோரும் அங்கேதான் கூட வேண்டியிருந்தது என்றும் மாணவர்கள் கூறினர். வகுப்பறையில் ஆறடிக்குக் கோடு போட்டவர்கள் சாப்பாட்டு வரிசையை மறந்துபோனார்கள்.

சமைப்போரும் பரிமாறுவோரும் கழிப்பறை கழுவுவோரும் காவலரும் வளாகத்தின் மனிதர்கள் என்று பெரும்பாலான திட்டங்கள் கருதுவதில்லை. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். முகக்கவசமும் சோப்பும் யார் வாங்கித் தருவது, தொற்று வந்தால் விடுப்புக் காலத்துக்கு ஊதியம் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தக்காரரின் பாடு. தினக்கூலி இழக்க அஞ்சும் தொழிலாளி லேசான காய்ச்சலைச் சொல்லமாட்டார். இது ஒழுக்கக் குறைவன்று, பசியின் கணக்கு. திருமலையில் 2020 ஜூனில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு, மணிக்கணக்கில் வரிசை வகுத்து தரிசனம் மீண்டும் தொடங்கியது. ஜூலை நடுவில் அர்ச்சகர்கள் உள்பட 140 ஊழியர்களுக்குத் தொற்று. வருகிறவர்களின் வரிசையைத் திட்டமிட்டவர்கள் உள்ளே உழைப்பவர்களின் பாதுகாப்பை அதே நுணுக்கத்தோடு திட்டமிடவில்லை. ஊதியத்துடன் நோய்விடுப்பு என்ற ஒற்றை விதி, நூறு வெப்பமானிகளைவிட அதிகத் தொற்றைத் தடுக்கும்.

சுவரும் வேலியும்

2020 ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் எல்லையில் சைனகுண்டா, பொன்னை ஆகிய இரு இடங்களில் சாலைக்குக் குறுக்கே சுவர் எழுப்பியது. நோயைத் தடுக்கச் சாலையில் சுவர்! எதிர்ப்பு கிளம்பியதும் இடித்துவிட்டார்கள். ஆனால் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அந்தச் சாலையை நம்பியிருக்கும் எல்லைப்புறத் தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு அந்தச் சுவர் இன்னும் நினைவில் இருக்கிறது. அதன்பின் மின்அனுமதிச் சீட்டு என்ற காகிதச் சுவர் மாதக்கணக்கில் நின்றது; மாநிலங்களுக்கிடையிலான பேருந்துகள் ஓடவில்லை. வேலூரில் படிக்கும் சித்தூர் மாவட்ட மாணவர் தன் கல்லூரி திறந்த செய்தியை அறிந்தும் சென்று சேர வழியின்றித் தவித்தார். இரு மாநிலங்கள் இரு தேதிகளில் திறக்கும்போது எல்லை மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை எந்தக் கல்லூரித் திட்டமும் தனியாகத் தீர்க்க முடியாது. இரு அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது அது.

மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்ட அதே நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் பாலோபீல்டு மாணவர் குடியிருப்பைச் சுற்றி உலோக வேலி அமைத்தது. முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றிரவே மாணவர்கள் அந்த வேலியைப் பெயர்த்துப் போட்டார்கள். துணைவேந்தர் மன்னிப்புக் கேட்டார். நேரடி வகுப்பு நடக்கும் என்று நம்பவைத்து மாணவர்களை அறைகளுக்கு வரவழைத்து, வாடகை வாங்கிக்கொண்டு, உள்ளே வைத்துப் பூட்டியதே அவர்களது குற்றச்சாட்டு. வாடகை மறுப்புப் போராட்டம் தொடர்ந்தது; இறுதியில் 30 சதவீத வாடகைக் குறைப்பை நிர்வாகம் ஏற்றது. பணக்கார நாட்டிலும் மாணவரைக் கேட்காமல் வகுக்கும் திட்டம் வேலியில்தான் போய் முடிகிறது. மாணவர்கள் அமைப்பாகத் திரண்டிருந்ததால் அங்கு வேலி விழுந்தது.

ஆந்திரத்தில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே திறப்பைத் திட்டமிடும் கூட்டத்தில் மாணவர் சார்பாக உட்காரச் சட்டப்படியான ஒருவரே இல்லை. மாணவர் குரல் தேவைப்படாத இடத்தில் மாணவர் கையெழுத்து மட்டும் தேவைப்பட்டது. பள்ளிகளுக்கு விதிக்கப்பட்ட பெற்றோர் ஒப்புதல் கடிதம் பல கல்லூரிகளின் வாயிலுக்கும் வந்து சேர்ந்தது. நோய் வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பொருள்பட எழுதப்பட்ட தாளில், கைநாட்டு வைக்கும் தாயிடம் ஒப்புதல் பெறுவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. அது நிர்வாகத்துக்கான காப்பீடு.

இரண்டாவது அலைக்குப் பிறகு

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது வளாகங்கள் மீண்டும் காலியாயின. மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில், தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் லாரி தாமதமாகி, அழுத்தம் குறைந்த சில நிமிடங்களில் 11 நோயாளிகள் இறந்தனர் என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் நிறைந்த நகரத்தில் நடந்தது இது. மாநிலத்தில் 2021 செப்டம்பர் வரை இருபது லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று, ஏறத்தாழ 14,000 உயிரிழப்பு. மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது சித்தூர். கல்லூரிக்குத் திரும்பவிருந்த பிள்ளைகளில் தாயையோ தந்தையையோ பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யார், கட்டணம் கட்ட இயலுமா, குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போய்விட்டார்களா என்று கல்லூரிகள் வீடு தேடிக் கேட்டு ஒரு பட்டியல் எடுத்தனவா?

ஒன்றிய அரசு இக்காலத்தில் என்ன செய்தது? பெருந்தொற்றின் நடுவே வந்த 2021–22 நிதிநிலை அறிக்கையில் கல்விக்கான ஒதுக்கீடு ரூ.99,312 கோடியிலிருந்து ரூ.93,224 கோடியாகக் குறைந்தது. காற்றோட்டமுள்ள வகுப்பறைக்கும் கூடுதல் விடுதிக்கும் கூடுதல் ஆசிரியருக்கும் பணம் தேவைப்பட்ட ஆண்டில் வெட்டு. மே மாதம் மானியக் குழு கலப்புமுறைக் கற்றல் என்ற கருத்துருவை வெளியிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணைய வழியில் நடத்தலாம் என்றது. ஜூன் மாதமோ, இலவசத் தடுப்பூசிக்காகப் பிரதமருக்கு நன்றி தெரிவித்துப் பதாகை வைக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பதாகையின் வடிவம்கூட மேலிருந்து வந்தது. விடுதி எப்படித் திறப்பது என்பதை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம். நன்றி எப்படிச் சொல்வது என்பதை மட்டும் தில்லி முடிவு செய்யும்.

அந்த 40 சதவீதம் சாதாரணமான எண் அல்ல. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017–18இல் எடுத்த கணக்கின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 சதவீதம், இணைய வசதி உள்ளவை 14.9 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் கைபேசிகள் பெருகியிருக்கலாம். ஆனால் மாந்தோப்பின் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் ஊரில், அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியைப் பகிரும் வீட்டில், பாடத்தின் ஐந்தில் இரண்டு பங்கு திரைக்குள் போனால் யார் பின்தங்குவார்கள் என்பதில் ஐயமில்லை. நெருக்கடிக்காக வந்த ஏற்பாடு நெருக்கடி தீர்ந்ததும் போக வேண்டும். அதை நிலையாக்குவது, வகுப்பறையும் ஆசிரியரும் விடுதியும் இல்லாமல் மலிவாகப் பட்டம் விற்கும் புதிய கல்விக் கொள்கையின் நோக்கத்துக்குப் பெருந்தொற்றை ஏணியாக்குவதாகும்.

மாநில அரசும் விதிவிலக்கல்ல. ஏழை மாணவருக்காகப் பல திட்டங்களை அறிவித்த அதே ஆட்சி, 2020 டிசம்பரில் தனியார் கல்லூரிகளில் முதுநிலை படிப்போருக்கான கட்டணத் திருப்பீட்டை நிறுத்தியது. 2021 ஆகஸ்டில், உதவி பெறும் கல்லூரிகளை அரசுதவியை விட்டுக்கொடுக்கும் நிலைக்குத் தள்ளும் அரசாணை வந்தது. ஆசிரியர்கள் அரசுப் பணிக்கு மாற்றப்பட்டால் அந்தக் கல்லூரிகள் முழுத் தனியார் கட்டணத்தில் நடக்கும். பல தலைமுறை ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்த நிறுவனங்கள் அவை. வளாகம் திறக்கும் நாளில் வாயிலில் கிருமிநாசினி இருக்கும். உள்ளே கட்டண அட்டவணை மாறியிருக்கும்.

பதினேழு வயதின் சிக்கல்

2021இன் திட்டங்கள் தடுப்பூசியைச் சுற்றியே அமைந்தன. அது சரியே. தமிழ்நாட்டில் ஆசிரியர்களும் ஊழியர்களும் தடுப்பூசி செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கல்லூரிகள் திறந்தன. வளாகங்களிலேயே முகாம்கள் நடந்தன. கேரளமும் திறப்புக்கு முன்பே மாணவர்களுக்கு முன்னுரிமை தந்து தடுப்பூசி செலுத்தியது. ஆனால் ஒரு சிறு கணக்கு பலர் கவனத்துக்கு வரவில்லை. இண்டர்மீடியட் முடித்து முதலாண்டில் சேர்ந்தோரில் கணிசமானோருக்கு அப்போது 17 வயது. 18 வயது நிறையாதவர்களுக்கு அப்போது தடுப்பூசி நடைமுறையில் இருக்கவில்லை. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆகஸ்ட் 20 அன்று அனுமதி பெற்ற சைகோவ்-டி அப்போது முகாம்களுக்கு வந்திருக்கவில்லை. கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வார இடைவெளி வேண்டும் என்று அப்போது விதி இருந்ததால், ஆகஸ்ட் நடுவில் முதல் தவணை பெற்றவருக்கு நவம்பர் முதல் வாரத்துக்கு முன் இரண்டாவது கிடைத்திருக்காது. அக்டோபர் 1 அன்று திறக்கவிருந்த முதலாண்டு வகுப்பறையில் இரு தவணையும் பெற்றவர் சிறுபான்மையாகவே இருந்திருப்பர். தடுப்பூசிச் சான்று இல்லாதவருக்கு அனுமதி இல்லை என்று ஒரு கல்லூரி விதித்தால், 17 வயது மாணவி தன் தவறின்றியே வாயிலில் நிறுத்தப்படுவாள். விதிக்காவிட்டால் பரிசோதனையும் காற்றோட்டமும் இரட்டிப்பாக வேண்டும்.

அரசால் நுணுக்கமாகத் திட்டமிட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் ஆந்திரத்தின் ஊராட்சித் தேர்தல்கள் நான்கு கட்டங்களாக நடந்தன. ஏப்ரல் 17 அன்று, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோதே, திருப்பதி மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியல் வீடுவீடாக இருந்தது, வாக்குச்சாவடிகள் இருந்தன, வாகனங்கள் இருந்தன, தொற்று உள்ளவரும் வாக்களிக்க வழி இருந்தது. வாக்காளருக்குச் செய்ததை மாணவருக்குச் செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை.

வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம், புத்தூர் போன்ற மண்டலங்களில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களும் மாணவர், வாலிபர் அமைப்பினரும் செய்யத்தக்கவை உண்டு. கிராம வாரியாகக் கல்லூரி மாணவர் பட்டியல் எடுப்பது முதல் வேலை: எந்தக் கல்லூரி, விடுதியா பேருந்தா வாடகை அறையா, தடுப்பூசி எத்தனை தவணை, பெற்றோரை இழந்தவரா, படிப்பை நிறுத்தியவரா. அந்தப் பட்டியலோடு சச்சிவாலயச் செவிலியரிடம் சென்று ஊரிலேயே பரிசோதனை கோரலாம். கல்லூரி நேரத்துக்கேற்பப் பல்லெவெலுகு பேருந்துகளைக் கூட்டவும், மாணவர் பயணச் சலுகைச் சீட்டை உடனே வழங்கவும் பணிமனை மேலாளரிடம் மனு கொடுக்கலாம். நல விடுதிகளில் எத்தனை பேருக்கு இடம், மீதிப் பேருக்கு எந்தக் கட்டிடம் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். உணவுக்கூட, துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளரின் நோய்விடுப்பு ஊதியத்தை இந்தக் கோரிக்கைகளில் சேர்ப்பதும், அவர்களது சங்கத்தை மாணவர் அமைப்போடு ஒரே குழுவில் உட்காரவைப்பதும் திருப்பதித் தோழர்களின் பொறுப்பு. பட்டியல்கள் முன்கூட்டியே மாவட்டக் குழு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால், வகுப்புகள் தொடங்குமுன் ஆட்சியரைச் சந்திக்க நேரம் இருக்கும்.